குதிகாலில் எடுத்த சொட்டு

2009 ஜனவரி. பஃபலோவில் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டிக் கிடந்தது. என் மகள் பிறந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. பிரசவத்துக்காகக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி அறை நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

காலையில் ஒரு நர்ஸ் வந்தார். சின்னப் பொட்டலம் ஒன்றைக் கையில் அழுத்திச் சூடாக்கி, குழந்தையின் குதிகாலில் வைத்துக் கட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவிழ்த்தபோது குதிகால் செக்கச்செவேலென்று இருந்தது. ஓரமாக ஒரு குத்து. முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்தார். அடுத்தடுத்த சொட்டுகளை ஒரு தடித்த காகித அட்டையில் அச்சிட்டிருந்த வட்டங்களில் ஒவ்வொன்றாக ஒற்றினார். ரத்தம் வட்டம் முழுக்கப் பரவி அட்டையின் மறுபக்கம் ஊறும்வரை பொறுத்திருந்துதான் அடுத்த வட்டத்துக்குப் போனார். குழந்தை வீறிட்டது.

"பச்ச மண்ணுடி அது. அதைப் போயி இப்படிக் குத்துறாளே, என்னன்னு கேளு" என்றார் அம்மா.

கேட்டேன். இந்த அட்டை காய்ந்ததும் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் உள்ள அரசு ஆய்வகத்துக்குப் போகும், அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட நோய்களுக்குப் பரிசோதிப்பார்கள் என்றார் நர்ஸ். தைராய்டு குறைபாடு, சிக்கிள் செல், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று விரல்விட்டுச் சிலவற்றைச் சொன்னார். கடைசியாக "கிராபே" என்றார். எனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் எல்லோருக்கும் விளங்கக்கூடிய விளக்கத்தைச் சொன்னார்: ஜிம் கெல்லியின் பையனுக்கு வந்த நோய்.

நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும் குழந்தைக்கு உள்ளே ஏதாவது நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்கள் அம்மா, என்று. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நம்ம தெருக் கோடி வீட்டுல மாமன் பொண்ணையே கட்டினாரே, நினைவிருக்கா? அவருக்கு மூணு புள்ள பொறந்துச்சு. ஒண்ணும் ஒரு வயசு தாண்டல. அந்த வீட்டுல புள்ளைங்க தங்கலைன்னுதான் சொன்னோம். என்ன நோயின்னு யாருக்குடி தெரியும்?" என்றார்.

அந்த மூன்று குழந்தைகளுக்கு வந்தது என்ன நோய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் என் மகள் பிறந்த ஊரில், ஒரு நோயின் பெயரை அந்தக் காகித அட்டைக்குக் கொண்டுவர ஒரு விளையாட்டு வீரரும் அவர் மனைவியும் என்ன பாடுபட்டார்கள் என்பதை அன்றைக்குப் பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பஃபலோ, நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் ஊர். நயாகரா அருவிக்கு வரும் நம்மவர்கள் பலர் இதைக் கடந்துதான் போவார்கள். ஒரு காலத்தில் இரும்பு ஆலைகளால் செழித்து, ஆலைகள் மூடியபின் தளர்ந்துபோன ஊர். அந்தத் தளர்ச்சியில் மக்கள் பற்றிக்கொண்டிருந்தது பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை. கால்பந்து என்று பெயரே தவிர, பெரும்பாலும் கையால் எறிந்தும் ஏந்திக்கொண்டு ஓடியும் ஆடும் ஆட்டம் அது. அதில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் மூளை. ஒவ்வொரு நகர்வையும் தொடங்கிவைப்பவர், பந்தை எறிபவர், தோற்றால் ஊர் முழுக்கத் திட்டு வாங்குபவர்.

1986 முதல் 1996 வரை பதினோரு பருவங்கள் பில்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்தவர் ஜிம் கெல்லி. எண் 12. பென்சில்வேனியாவின் ஈஸ்ட் பிரேடி என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். 1991 ஜனவரி முதல் 1994 ஜனவரி வரை நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக அணியை இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். வேறெந்த அணியும் தொடர்ந்து நான்கு முறை அங்கே போனதில்லை. நான்கிலும் தோல்வி. முதல் தோல்வி ஒரே ஒரு புள்ளியில், 20-க்கு 19. கடைசி நொடிகளில் உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்பக்கம் விலகிப் போயிற்று. இன்றும் இந்த ஊரில் 'வலப்பக்கம் விலகிற்று' என்று யாராவது சொன்னால் பெரியவர்கள் முகம் மாறிவிடும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் சொன்னபோது, பதினெட்டு வருடம் கழித்தும் அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. ஆனால் அவர் கண் கலங்கியது கெல்லியின் மகன் ஹன்டரைப் பற்றிச் சொன்னபோதுதான்.

கெல்லி பில்ஸ் அணியில் விளையாடத் தொடங்கிய மறு ஆண்டே, 1987-ல், வசதியற்ற குழந்தைகளுக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் உதவ ஓர் அறக்கட்டளை தொடங்கியிருந்தார். புகழும் பணமும் வந்த வீரர்கள் பலரும் செய்கிற நல்ல காரியம். அப்போது அவருக்குத் திருமணம்கூட ஆகவில்லை.

1997-ன் தொடக்கத்தில் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த இரண்டே வாரத்தில், பிப்ரவரி 14 அன்று, அவருடைய முப்பத்தேழாவது பிறந்தநாளிலேயே, மகன் பிறந்தான். ஜிம்மின் முழுப்பெயரான ஜேம்ஸையே நடுப்பெயராகச் சேர்த்து ஹன்டர் ஜேம்ஸ் கெல்லி என்று வைத்தார்கள். தன் பிறந்தநாளிலேயே பிறந்த ஆண்பிள்ளை, ஓடியாடுவதையே தொழிலாகக் கொண்ட தகப்பன். அவர் மனதில் என்னென்ன ஓடியிருக்கும் என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

சில வாரங்களில் குழந்தை அழத் தொடங்கியது. என்ன செய்தாலும் நிற்காத அழுகை. பால் குடிக்கச் சிரமப்பட்டது. கைகால்கள் விறைத்தன. நான்கு மாதத்தில் மருத்துவர்கள் பெயர் சொன்னார்கள்: கிராபே நோய். இரண்டாவது பிறந்தநாளைக் குழந்தை பார்க்காது என்றும் சொன்னார்கள்.

கிராபே என்பது ஒரு டென்மார்க் மருத்துவரின் பெயர். நட் கிராபே என்ற நரம்பியல் மருத்துவர் 1916-ல் இந்த நோயை முதலில் விவரித்து எழுதினார். நம் நரம்புகளை மின்கம்பி என்று வைத்துக்கொண்டால், கம்பியைச் சுற்றி ரப்பர் உறை இருப்பதுபோல நரம்பைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உறை இருந்தால்தான் செய்தி வேகமாக, சிதறாமல் போகும். அந்த உறை வளரும்போதும் புதுப்பிக்கப்படும்போதும் சில கழிவுகள் உண்டாகும். அவற்றை உடைத்து அப்புறப்படுத்த உடல் ஒரு நொதியைச் சுரக்கிறது. கேலக்டோசில்செரமிடேஸ் என்று அதற்குப் பெயர். கிராபே நோய் உள்ள குழந்தைக்கு அந்த நொதியை உண்டாக்கும் மரபணு பழுது. கழிவு சேர்கிறது. அதில் சைக்கோசின் என்ற பொருள் நஞ்சாக மாறி, உறையை உண்டாக்கும் செல்களையே கொல்கிறது. உறை கரைகிறது. கம்பி வெறுமையாகிறது.

இதில் கொடுமை, பிறக்கும்போது குழந்தை முழு ஆரோக்கியமாக இருப்பதுதான். எடை சரியாக இருக்கும், முகம் பார்க்கும், சிரிக்கும். பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் அழுகை தொடங்கும். நம் ஊராக இருந்தால் உரம் விழுந்திருக்கும் என்று எடுக்கச் சொல்வோம். சீர் தட்டிவிட்டது என்போம். ஓமத்தண்ணீர் கொடுப்போம். அமெரிக்காவிலும் முதலில் வயிற்று வலி, பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் பல பெற்றோரிடம் சொல்லியிருக்கிறார்கள். பிறகு கை விரல்கள் முஷ்டியாக இறுகி விரியாமல் போகும். காரணமில்லாமல் காய்ச்சல் வரும். கற்றுக்கொண்ட சிரிப்பும் தலை நிமிர்த்தலும் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். விழுங்க முடியாது. பார்வையும் கேட்கும் திறனும் போகும். இந்தச் சிசுப் பருவ வகையில் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். சுமார் ஒரு லட்சம் பிறப்புக்கு ஒன்று என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

ஹன்டர் நோயோடு போராடிக்கொண்டிருந்த அதே 1997-ல், ஜிம்மும் அவர் மனைவி ஜில் கெல்லியும் 'ஹன்டர்ஸ் ஹோப்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். ஹன்டரின் நம்பிக்கை என்று பொருள். கிராபேயையும், அதைப்போல நரம்பின் உறையைத் தின்னும் மற்ற லூக்கோடிஸ்ட்ரோஃபி நோய்களையும் பற்றி ஆராய்ச்சிக்குப் பணம் தருவது, நோயைப் பற்றி ஊருக்குச் சொல்வது, குடும்பங்களுக்குத் துணை நிற்பது என்று வேலைகள். ஒரு லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கு மருந்துக் கம்பெனிகள் அவசரப்படுவதில்லை. அரசுக்கும் அது கண்ணில் படுவதில்லை. இப்படிப்பட்ட நோய்க்கு வேண்டியது, ஊர் திரும்பிப் பார்க்கும் ஒரு முகம். கெல்லி தன் முகத்தைக் கொடுத்தார்.

ஓர் இடத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 2002 ஆகஸ்ட் 3. ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில், அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் ஜிம் கெல்லியைச் சேர்க்கும் விழா. ஒரு வீரனுக்கு அதற்கு மேல் மரியாதை கிடையாது. பஃபலோவிலிருந்து வண்டி வண்டியாக மக்கள் போயிருந்தார்கள். அவருடைய பழைய பயிற்சியாளர் மார்வ் லெவி அறிமுகம் செய்து பேசினார். பிறகு கெல்லி பேசினார். ஆட்டக்காரராக அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது உறுதி, முரட்டு உறுதி. அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு, தான் வாழ்நாளில் சந்தித்தவர்களிலேயே மிகுந்த உறுதி படைத்தவன் தன் மகன் ஹன்டர்தான், அவனே தன் நாயகன் என்று சொன்னார். ஐந்து வயது ஹன்டர் அங்கே இருந்தான். உட்காரவோ பேசவோ முடியாத பிள்ளை. அந்தக் காட்சியின் பதிவை நான் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு மீட்டர் உயரத்தை நெருங்கும் ஆள், பெரிய கூட்டத்துக்கு முன்னால், குரல் உடைந்து நிற்கிறார். மறைக்கவில்லை.

இரண்டு வயதைத் தாண்ட மாட்டான் என்றார்கள். ஹன்டர் எட்டரை வயது வரை இருந்தான். அந்த ஆண்டுகளைக் கடத்தியது வீட்டில் நடந்த பராமரிப்பு. இத்தகைய பிள்ளைக்கு வயிற்றுக்கு நேராகக் குழாய் வைத்து உணவு கொடுக்க வேண்டும். தொண்டையில் சேரும் சளியை இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும், ராத்திரியிலும். நெஞ்சைத் தட்டித் தட்டி நுரையீரலைச் சுத்தமாக வைக்க வேண்டும். விறைத்துப்போகும் மூட்டுகளை நீட்டி மடக்க வேண்டும். ஜில் கெல்லி 2010-ல் மகனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 'வித்அவுட் எ வேர்ட்' என்று பெயர், ஒரு சொல்லும் பேசாமல் என்று அர்த்தம். நான் இந்தக் கதையில் ஜிம் கெல்லியின் பெயரையே அதிகம் எழுதிவிட்டேன். ஜில் இல்லாமல் இந்த அறக்கட்டளை இல்லை.

2005 மே மாதம் ஒரு மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள், கிராபே நோயுள்ள குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த செல்களைச் செலுத்திப் பார்த்திருந்தார்கள். வேறொரு குழந்தையின் ஆரோக்கியமான செல்கள் இந்த உடலில் வேர் பிடித்தால், இல்லாத நொதியை அவை சுரந்துகொடுக்கும் என்பது கணக்கு. நோய் அறிகுறி தோன்றும் முன்பே, பிறந்த சில வாரங்களில் சிகிச்சை பெற்ற 11 குழந்தைகளும் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருந்தார்கள். அறிகுறி தோன்றிய பிறகு சிகிச்சை பெற்ற 14 குழந்தைகளில் ஆறு பேர்தான் பிழைத்தார்கள், அவர்களுக்கும் நரம்புப் பாதிப்பு பெரிதாகத் தேறவில்லை. அதாவது, அழுகை தொடங்கியபின் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தாமதம். அழுவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தையை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் மட்டுமே அதற்கு முன் அடுத்த குழந்தையைப் பிறந்ததும் பரிசோதித்துவந்தார்கள். மற்றவர்களுக்கு ஒரே வழி, பிறக்கும் எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிப்பது.

அந்த ஆய்வு வெளிவந்த மூன்றாம் மாதம், ஆகஸ்ட் 5 அன்று, ஹன்டர் இறந்தான்.

மகன் போனபிறகு ஒரு தகப்பன் ஒதுங்கிக்கொண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கெல்லி குடும்பம் ஒதுங்கவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் பரிசோதனை வேண்டும் என்று மாநில அரசை விடாமல் கேட்டார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 2006 ஆகஸ்டில், நியூயார்க் மாநிலம் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் குதிகால் ரத்தத்திலும் கிராபேயைத் தேடத் தொடங்கியது. அமெரிக்காவில் அதைச் செய்த முதல் மாநிலம் அதுதான். என் மகளின் அட்டையில் அந்தப் பெயர் இருந்ததற்குக் காரணம் அந்த ஆகஸ்ட்.

இங்கே இன்னொரு தகப்பனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காகித அட்டையே பஃபலோவில் பிறந்ததுதான். ராபர்ட் கத்ரி என்ற நுண்ணுயிரியலாளர் இந்த ஊரில் வேலை பார்த்தவர். அவருடைய மகன் ஒருவனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு. மனைவியின் உறவில் ஒரு பெண்குழந்தைக்கு பினைல்கீட்டோன்யூரியா என்ற நோய். பிறந்ததும் கண்டுபிடித்து உணவைக் கட்டுப்படுத்தினால் குழந்தை நன்றாக வளரும், விட்டுவிட்டால் மூளை கெட்டுவிடும். அந்தப் பெண்ணுக்கு உரிய நேரத்தில் கண்டுபிடிக்கவில்லை. கத்ரி 1960-களின் தொடக்கத்தில், குதிகாலில் குத்தி, வடிதாளில் ஒற்றி உலர்த்திய ரத்தத்திலிருந்தே இந்த நோயைக் கண்டுபிடிக்கும் எளிய முறையை உருவாக்கினார். தனக்கென அதில் ராயல்டி எதிர்பார்க்கவில்லை. தபாலில் அனுப்பக்கூடிய ஒரு தாள், சில காசு செலவு. உலகம் முழுக்க இன்று பச்சிளங்குழந்தைகளின் குதிகாலில் குத்துவது அவர் காட்டிய வழிதான். சொந்த வீட்டில் நேரம் தப்பிப்போனதை அடுத்த வீட்டுக்காரருக்குத் தப்பாமல் செய்த இருவரும் ஒரே ஊரில் இருந்திருக்கிறார்கள்.

பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் வாசகர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் எட்டு ஆண்டுகளில் நியூயார்க்கில் கிட்டத்தட்ட 20 லட்சம் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். சிசுப் பருவ கிராபே உறுதியானது ஐந்து பேருக்கு. அவர்களில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். இரண்டு பேர் செல் மாற்றுச் சிகிச்சையின் சிக்கல்களால், ஒரு குழந்தை சிகிச்சையில்லாமல் நோயால். சிகிச்சை பெற்றுப் பிழைத்த இரண்டு பேருக்கும் வளர்ச்சியில் கணிசமான பின்னடைவு. இது தவிர, இப்போது ஒன்றுமில்லை, பின்னால் நோய் வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலையில் 46 குழந்தைகள். அந்த வீடுகளில் ஒவ்வொரு தடுமாற்றமும், ஒவ்வொரு தலைவலியும் எப்படிப் பார்க்கப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதனால்தான் பல மருத்துவர்கள், இந்தப் பரிசோதனை நன்மையைவிடத் துன்பம் அதிகம் தருகிறதோ என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. தேசிய அளவில் பரிந்துரைக்க வேண்டிய நிபுணர் குழு 2010 வாக்கில் கிராபேயைச் சேர்க்க மறுத்தது. 2023-லும் சேர்க்கவில்லை.

நான் பெற்றோர் பக்கம் நிற்கிறேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொண்டு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. தெரியாமலேயே நான்கு மாதம் ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியாது.

அந்த எட்டு ஆண்டுகளின் பாடமும் வீண்போகவில்லை. ரத்தத்தில் சைக்கோசின் அளவை இரண்டாம் கட்டமாகப் பார்த்தால், உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் குழந்தையை மற்றவர்களிலிருந்து பிரித்துவிடலாம், தேவையில்லாத பயம் பெருமளவு குறையும் என்று கண்டார்கள். சிகிச்சை செய்வதென்றால் பிறந்த முதல் மாதத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பதும் தெளிவாயிற்று. மிசோரி, கென்டக்கி, ஒஹாயோ, டென்னசி, இல்லினாய் என்று ஒவ்வொரு மாநிலமாகச் சேர்ந்தன. அவற்றில் பலவற்றுக்கும் பின்னால் ஒரு குழந்தையை இழந்த ஏதோ ஒரு குடும்பம் சட்டமன்ற வாசலில் நின்றிருக்கிறது. 2024 ஜனவரியில் தேசிய நிபுணர் குழு கடைசியில் ஆம் என்றது. அதே ஆண்டு கோடையில் மத்திய அரசின் பரிந்துரைப் பட்டியலில் சிசுப் பருவ கிராபே சேர்ந்தது. ஹன்டர் பிறந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. இதற்கிடையில் ஜிம் கெல்லி 2013-ல் தாடையில் புற்றுநோய் வந்து, அறுவைச் சிகிச்சை, மறுபடியும் நோய், மறுபடியும் அறுவை என்று அவதிப்பட்டார். அறக்கட்டளை நிற்கவில்லை.

பஃபலோ பல்கலைக்கழகத்தில் 2004-ல் ஹன்டர் ஜேம்ஸ் கெல்லி பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இத்தாலியின் மிலான் நகரில் மயலின் பற்றி ஆராய்ந்துவந்த லாரன்ஸ் ராபெட்ஸ், லாரா ஃபெல்ட்ரி இருவரும் பின்னர் அங்கே வந்து வேலையை எடுத்து நடத்தினார்கள். பஃபலோவுக்குத் தெற்கே எல்லிகாட்வில் என்ற மலை ஊரில், நோயுள்ள குழந்தைகளின் குடும்பங்களும் ஆராய்ச்சியாளர்களும் கூடும் சந்திப்பை ஹன்டர்ஸ் ஹோப் அறக்கட்டளை கோடைகாலத்தில் நடத்திவந்திருக்கிறது. சோதனைக்கூடத்தில் எலியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஆராய்ச்சியாளர், சக்கர நாற்காலியில் சளி உறிஞ்சும் இயந்திரத்தோடு வரும் குழந்தையைப் பார்க்கிறார். தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்த தாய், அதே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இன்னொரு தாயைப் பார்க்கிறார். காசோலையில் எழுத முடியாத உதவி இது. விளையாட்டு வீரர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்வதையும் நான் குறைவாக நினைக்கவில்லை, அந்தக் குழந்தைக்கு அன்று சந்தோஷம். ஆனால் வருடக் கணக்காக, பிள்ளை போன பின்னும், ஒரே நோயின் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் சிலரே.

இப்போது என் அம்மா சொன்ன தெருக்கோடி வீட்டுக்கு வருகிறேன். கிராபே ஒரு மறைமுக மரபு நோய். அதாவது, பழுதான மரபணு தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் குழந்தைக்கு நோய். ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது. அப்படிப்பட்டவர் அதைச் சுமப்பவர் மட்டுமே, அது அவருக்கே தெரியாது. இருவருமே சுமப்பவர்களாக அமைந்துவிட்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அதனால் அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக நான்கில் ஒன்று. ஒரே வீட்டில் மூன்று குழந்தைகளும் போவதற்குச் சாபம் வேண்டியதில்லை.

அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே கட்டும்போது, ஒரே பாட்டனின் பழுதான மரபணு இரண்டு பக்கமும் வந்து சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. இஸ்ரேலின் வடபகுதியில் ட்ரூஸ் சமூகத்தினரிடையே, உறவுக்குள்ளேயே மணம் செய்து வந்ததால், கிராபே நோய் ஆயிரம் பிறப்புக்கு ஆறு வரை இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. நம் குடும்பங்களில் பெயர் தெரியாமல் போன குழந்தைகளுக்குக் கிராபேதான் என்று நான் சொல்லவில்லை. இதே வழியில் வரும் நோய்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, அவற்றில் பலவற்றுக்கு இன்று நல்ல மருத்துவம் இருக்கிறது. பிறவித் தைராய்டு குறைபாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மரபு வழி வருவது அதில் கொஞ்சம்தான். ஆனால் அதே குதிகால் ரத்தத்தில் அது தெரிந்துவிடும், தினம் ஒரு மாத்திரையில் குழந்தை முழுசாக வளர்ந்துவிடும். இந்தியாவில் 2021-ல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. அதன்படி சிறப்பு மையங்களாக அறிவிக்கப்பட்ட அரசு மருத்துவமனைகளில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழியிருக்கிறது. ஆனால் நோயின் பெயர் தெரிந்தால்தானே விண்ணப்பிக்க முடியும்.

ஆகவே வாசகர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குடும்பத்தில், அல்லது சம்பந்தம் செய்யப்போகும் குடும்பத்தில், காரணம் தெரியாமல் பச்சிளங்குழந்தைகள் இறந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள், மரபணு ஆலோசனை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பை நிறுத்தினால், நிமிர்ந்த தலை மறுபடி தொங்கினால், உரம் எடுப்பவரிடம் போய் நாளைக் கடத்தாதீர்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் பெயர் பதியும்போதே, குழந்தைக்குக் குதிகால் ரத்தப் பரிசோதனை செய்வீர்களா, எந்தெந்த நோய்களுக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்து 24 மணி நேரம் கழித்து, வீட்டுக்குக் கிளம்பும் முன் எடுக்க வேண்டிய பரிசோதனை அது.